மருந்தைப் பாதியில் விடுவது ஏன்?



காசநோய்க்கு மருந்து சாப்பிட்டும் சிலருக்குக் குணமாவதில்லையே, ஏன்? "நோயாளி அசிரத்தைக்காரன், பாதியில் விட்டுவிட்டான்" என்று பதில் வருகிறது. விடுகிறான் என்பது பல சமயம் உண்மைதான். ஏன் விடுகிறான்? அதைக் கேட்பாரில்லை.

முதலில் கிருமியைப் பார்ப்போம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. சில வாரங்களிலேயே இருமல் அடங்கும், காய்ச்சல் விடும், பசி எடுக்கும். வேகமாகப் பெருகும் கிருமிகள் செத்துவிட்டன. மந்தமாகக் கிடப்பவை நுரையீரலில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மீதி மாதங்களின் மருந்து இவற்றுக்காகத்தான். நிறுத்தினால் மீண்டும் பெருகும். ஒரே மருந்தைத் தனியே சாப்பிட்டால், அதற்கு அடங்காத கிருமி மட்டும் தப்பித் தழைக்கும். பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்து, 1948ல் முடிவை வெளியிட்டார்களே, அங்கே கண்டது இதுதான்: முதலில் தேறிய பலர் பிறகு நலிந்தார்கள்.

'குடிசைவாசிக்கு எங்கே குணமாகும்' என்பார்கள். சென்னை நகரமே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 1956ல் தொடங்கிய ஆராய்ச்சியில், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே ஓராண்டு மருந்து. வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், ஓய்வு குறைவு, நெரிசல் அதிகம். ஆனாலும் 1959ல் முடிவு வந்தபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றாகவே குணமாகியிருந்தார்கள்! மருந்து இலவசமாகக் கிடைத்தது. வீடு தேடிப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள்.

அதற்காகச் சோறு வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நோயாளிகளுக்கு ரேஷன் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடம் சாவு குறைந்திருந்தது.

இனி நம் விஷயம். இரண்டாம் மாதம் உடம்பு தேறுகிறது. வீட்டிலோ கடன், நடவும் தொடங்கிவிட்டது. மருந்துக்குப் போனால் அரைநாள் கூலி போச்சு. மாத்திரை குமட்டுகிறது. ஆலையில் தகுதியுள்ள தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இரண்டு வருஷம் வரை சம்பளத்தில் 80 சதவீதம் தரும். காண்டிராக்டர் பெயரையே பதியாவிட்டால்? வயலில் இறங்குகிறவருக்கு அதுவும் கிடையாது. சர்க்கார் தரும் சத்துணவுப் பணம் 2024 நவம்பரில்தான் மாதம் 1000 ரூபாய் ஆயிற்று. அது எத்தனை நாள் கூலி, நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆகவே, தேறிவிட்டேன் என்று வேலைக்கு வருகிறவரிடம் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரியுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும் இருமல் நிற்கவில்லையா? கிருமி மருந்துக்கு அடங்குகிறதா என்று சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை வியாதியையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை இருப்பு இல்லை என்று திருப்பியனுப்பினால் அன்றைக்கே நம்மிடம் வந்து சொல்லுங்கள். எல்லோருமாகப் போய்க் கேட்போம்.