அப்பா ஏறாத மாடி

(குற்றாலத்தில் நடந்த இளைஞர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சீசன் நேரத்தில் பயிலரங்கு வைத்தால் பாதிப் பேர் அருவிக்குப் போய்விடுவார்கள் என்று பயந்தேன். குளித்து முடித்து ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றி.

வரும் வழியில் பார்த்திருப்பீர்கள். மெயின் அருவியிலிருந்து ஐந்தருவி வரைக்கும் 'ரூம் வாடகைக்கு' என்ற போர்டுகள். எங்க அண்ணன் மூன்று சீசன் இங்கே ஒரு லாட்ஜில் ரூம் பாயாக வேலை பார்த்தான். ஆதார் ஜெராக்ஸ் வாங்குவார்கள், எத்தனை பேர் என்று கேட்பார்கள், பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பார்கள். "நீங்க என்ன ஆளுக?" என்று யாரையும் கேட்டு அவன் பார்த்ததில்லை. ஒரு நாள் வாடகைக்குத் தேவைப்படாத சாதி, மாத வாடகைக்கு ஏன் தேவைப்படுகிறது? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் தென்காசிப் பக்கத்துக் கிராமம். அப்பா பிரானூர் பார்டரில் மர மில்லில் லோடுமேன். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தது நான். சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் 26 ஆயிரம். சாயங்காலம் தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியக்காலம் தாம்பரம். அதுவரைக்கும் சிக்கலில்லை. இறங்கிய பிறகு எங்கே தங்குவது என்பதில்தான் கதை ஆரம்பம்.

ஆறு மாதம் லேடீஸ் ஹாஸ்டலில் நாலு பேர் அறையில் இருந்தேன். பிறகு கூட வேலை பார்க்கிற தோழியும் நானும் சேர்ந்து ஒரு சின்ன வீடு பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். அவள் என் சாதி இல்லை. அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. மேடவாக்கம் பக்கம் ஒரு சிங்கிள் பெட்ரூம் 11 ஆயிரம். பத்து மாத அட்வான்ஸ் 1 லட்சத்து 10 ஆயிரம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகை தனி. மொத்தம் 1 லட்சத்து 32 ஆயிரம், அதில் என் பங்கு 66 ஆயிரம். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வீட்டு வாடகைச் சட்டம், முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று ஒரு வரம்பு சொல்கிறது. புரோக்கரிடம் அதைச் சொன்னேன். "சட்டம் படிச்ச பிள்ளைங்களுக்கு வீடு கிடைக்காதும்மா" என்றார்.

எங்கள் ஆபீசில் இன்னொரு பையன், அவனும் திருநெல்வேலிப் பக்கம்தான். அவனுக்கு 7 ஆயிரத்துக்கு மாடி வீடு, அட்வான்ஸ் இரண்டே மாதம், புரோக்கரே இல்லை. எப்படி என்று கேட்டேன். "எங்க சித்தப்பாவுக்குத் தெரிஞ்சவங்க வீடு" என்றான். சென்னையில் குறைந்த வாடகை வீடுகள் பல விளம்பரத்துக்கே வருவதில்லை. சித்தப்பா, மாமா, சங்கத்துக்காரர் வழியாகக் கைமாறிவிடுகின்றன. அந்தச் சித்தப்பா எந்தச் சாதிக்குள் இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். மிஞ்சுகிற வீடுதான் புரோக்கரிடம் வருகிறது, விலையேறி. எங்க சித்தப்பா நூறு நாள் வேலைக்குப் போகிறார். அவருக்குச் சென்னையில் மாடி வீடு வைத்திருக்கிற ஆளைத் தெரியாது.

முதல் வீடு. வீட்டுக்காரம்மா நன்றாகத்தான் பேசினார்கள். எந்த ஊரு? தென்காசி. அப்படியா, குற்றாலமா, வந்திருக்கோமே! அப்பா என்ன பண்றாங்க? சொன்னேன். ஊர்ல எந்தத் தெரு? குலதெய்வம் எது? அதற்கும் சொன்னேன். "சரிம்மா, எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. சந்தோஷமாக 5 ஆயிரம் டோக்கன் கொடுத்தேன். வாடகை ஒப்பந்தத்துக்கு ஆதார் ஜெராக்ஸ் கேட்டார். கொடுத்தேன். என் ஆதாரில் முகவரி எப்படி இருக்கும்? கதவு எண், அடுத்து 'காலனி', அதற்கடுத்து ஊர்ப் பெயர். சாயங்காலமே போன் வந்தது. "தம்பி பையன் ஃபாரின்ல இருந்து வர்றான்மா, அவனுக்கு வீடு வேணுமாம்." பத்து நிமிடத்தில் ஜிபேயில் பணம் திரும்பி வந்துவிட்டது. அவ்வளவு நாணயம்!

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தபோது, "ஒரு சொல்லை நீக்கினால் என்ன மாறிவிடும்?" என்று சிலர் கேட்டார்கள். அந்தச் சொல் ஒரு வீட்டைப் பறித்ததைப் பார்த்தவள் என்பதால் எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அதே வீடு அதே போன் நம்பரோடு விளம்பரத்தில் இருந்தது. தோழி கூப்பிட்டாள். தன் பெயரையும் ஊரையும் சொன்னாள். "காலியாத்தான் இருக்கு, எப்ப வேணா வந்து பாருங்க" என்றார் அவர். ஸ்பீக்கரில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஃபாரின் பையனைக் காணோம்.

மூன்றாவது வீட்டை அவள் பெயரில் எடுத்தோம். ஒப்பந்தத்தில் அவள் மட்டும். நான் அவளுடைய சித்தி பொண்ணு.

தோழர்களே, எட்டு மாதம் நான் சித்தி பொண்ணாக வாழ்ந்தேன். அவர்கள் குலதெய்வத்தின் பெயரை மனப்பாடம் செய்தேன். வீட்டுக்காரம்மா எங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் நடக்காத கல்யாணத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பது என்பதற்குக்கூட யோசித்தேன். புத்தக அலமாரியில் அண்ணல் படத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்தேன். இதை ஒரு மேடையில் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

பொங்கல் கழிந்து அப்பா என்னைப் பார்க்க வந்தார். பையில் பனங்கிழங்கு, அம்மா போட்ட ஊறுகாய். தெருமுனைக்குப் போய்க் கூட்டிவந்தேன். வழியில், "அப்பா, மேல யாராவது கேட்டா..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. கேட்டுக்கு முன்னால் பையை என் கையில் கொடுத்தார். "நான் வரலம்மா. கீழயே நிக்கேன். நீ தண்ணி மட்டும் கொண்டா." வாட்டர் பாட்டிலை எடுத்து வந்தேன். நின்றபடியே குடித்தார். "காத்தோட்டமா இருக்கா வீடு?" என்று கேட்டார். இருக்கு என்றேன். அன்று ராத்திரியே ரயில் ஏறிவிட்டார். 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த மனிதர் மகள் வீட்டு மாடிப்படி ஏறவில்லை. ஊரில் எந்தத் தெருவில் எங்கே நிற்க வேண்டும் என்று பழகியவர் சென்னையிலும் அதே மாதிரி நின்றார். நிற்க வைத்தது நான்.

அதன் பிறகுதான் அண்ணலின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்தேன். 1917. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வருகிறார். வயது 26. தங்க இடமில்லை. பார்சிகளுக்கான ஒரு விடுதியில், காப்பாளரின் சம்மதத்தோடு, ஒரு பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராவது நாள் கம்போடு ஒரு கூட்டம் வந்து சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்கிறது. இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்கிறார். ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்புகிறார். அவரும் வேறு பெயரில் இருந்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும். நூறு வருடம் தாண்டி நானும் அதே விடுதியில்தானே இருந்திருக்கிறேன்!

பெயரை மாற்றினால் தீருமா? நம்ம மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் 1981இல் நம் மக்கள் கூட்டமாக இஸ்லாத்துக்குப் போனார்கள். இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. அங்கே அவர்கள் தேடிய மரியாதையை நான் மதிக்கிறேன். ஆனால் வீட்டுக்காரர் அந்த வழியையும் அடைத்து வைத்திருக்கிறார். சுக்தேவ் தோரட்டும் மற்ற ஆய்வாளர்களும் டெல்லி வட்டாரத்தில் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம் சொல்லி, பெயரை மட்டும் மாற்றி வீடு கேட்டார்கள். உயர்சாதிப் பெயருக்கு ஒரு இடத்திலும் மறுப்பு இல்லை. தலித் பெயருக்குச் சுமார் 18 விழுக்காடு மறுப்பு. முஸ்லிம் பெயருக்குச் சுமார் 31 விழுக்காடு.

"அவங்க வீடு, அவங்க விருப்பம்" என்று நம் நண்பர்களே சொல்வார்கள். கடையும் கடைக்காரருடையதுதானே? நம்ம மாவட்டம் பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மாட்டேன் என்றார் ஒரு கடைக்காரர். வீடியோ பரவியது. வழக்கு, கைது, கடைக்குச் சீல். "அவர் கடை, அவர் விருப்பம்" என்று யாரும் சொல்லவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது உறுப்பு கடையையும் ஓட்டலையும் பெயர் சொல்லித் திறந்துவிட்டிருக்கிறது. வாடகை வீட்டின் பெயர் அதில் இல்லை.

அதற்காகச் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவு. தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ, வாங்குவதையோ, குடியிருப்பதையோ தடுப்பது குற்றம். 12ஆம் பிரிவு இன்னும் முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், எதிராளி மறுத்து நிரூபிக்காத வரை அது தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது. ஒருவரோடு வியாபாரம் செய்ய மறுப்பதும் அதில் வரும். வாடகை வியாபாரம் இல்லையா? வாதிட இடம் இருக்கிறது.

ஆனால் அந்த ஃபாரின் பையன் மேல் எப்படி வழக்குப் போடுவது? மறுப்பவர் சாதியைச் சொல்வதே இல்லை. எனக்கு அதற்கான பதில் தோழியின் அந்த ஒரு போன் காலில் இருக்கிறது. அமெரிக்காவில் கருப்பின மக்கள் இதை ஒரு முறையாகவே செய்தார்கள். கருப்பினத்தவர் ஒருவர் போய் வீடு கேட்பார், இல்லை என்பார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளையர் ஒருவர் போவார், இருக்கிறது என்பார்கள். இரண்டையும் தேதியோடு எழுதி வைப்பார்கள். அங்கே 1968இலேயே வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. இப்படிச் சோதித்துப் பார்க்கப் போனவரே வழக்குத் தொடுக்கலாம் என்று 1982இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது.

நாமும் செய்யலாம். உங்களில் ஒருவருக்கு வீடு மறுக்கப்பட்டால், வேறு சாதித் தோழர் ஒருவர் அதே நம்பருக்கு அதே வாரம் பேசட்டும். தேதி, நேரம், சொன்ன காரணம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேரட்டும். நூறு சேர்ந்தால் அது ஒரு அறிக்கை. வழக்கறிஞர் தோழர்களின் கைக்கு அது ஆதாரம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் சாதி, மதம் பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்யும் பிரிவு வேண்டும் என்று அதை வைத்துக் கேட்போம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு 'தோழி' விடுதிகளை நடத்துகிறது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் குறைந்த வாடகையில் அரசு வீடுகள் வேண்டும் என்று கேட்போம்.

இங்கே இருக்கிற பிற சாதித் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மாடி காலியாகும்போது சித்தப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் வாசலில் போர்டு மாட்டுங்கள். அப்பா அம்மாவோடு சண்டை வரும். வரட்டும். என் தோழி தன் பெயரைக் கொடுத்தாள். அந்த அன்பை நான் மறக்க மாட்டேன். ஆனால் எனக்கு என் பெயரில் வீடு வேண்டும்.

இப்போது கூடுவாஞ்சேரியில் இருக்கிறேன். ஆபீசுக்குப் போக வர மூன்று மணி நேரம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "வாடகை தேதிக்குக் கொடுத்துடும்மா" என்றார், வேறு கேள்வி இல்லை. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர் நல்லவராக இருப்பதை நம்பித்தான் என் வீடு நிற்கிறது என்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

போன மாதம் அப்பா வந்தார். ஒப்பந்தத்தில் என் பெயர் இருப்பதைக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. என் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, படியேறி மேலே வந்தார். இரண்டு நாள் தங்கினார்.