இசை நூலகர் மாநாடும் மட்டக்களப்பும்

இசைநூல்களையும் இசைப்பதிவுகளையும் காப்போர்க்கென ஓர் உலகச் சங்கம் 1951ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நிறுவப்பட்டது. அச்சங்கத்தார் ஆண்டுதோறும் வெவ்வேறு நகரங்களிற் கூடுவர். சுரம் எழுதிய தாள்களை அடுக்குவது எங்ஙனம், இசைத்தட்டுகளைப் பழுதுறாது பேணுவது எங்ஙனம் என்பன அவர் ஆராயும் பொருள்கள். அத்தகைய மாநாடொன்றைத் தென்னாசிய அளவில் மட்டக்களப்பிற் கூட்டுவதாயின் அதனை எவ்வாறு திட்டமிடலாம் என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

மண்டபத்துக்குக் குறைவில்லை. கல்லடியிலே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உளது. மாநாட்டுக்கு அப்பெயரினும் சிறந்த வரவேற்புரை வேண்டுவதில்லை. காரைதீவிற் பிறந்த அப்பெரியார் வழக்கொழிந்த யாழினைச் சிலப்பதிகாரத்தின் துணைகொண்டு ஆராய்ந்து இயற்றிய யாழ்நூல், 1947 ஜூன் மாதம் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அவர் மறைந்தார். மீட்டும் கை ஓய்ந்தபின் ஒரு கருவியின் இசையை எழுத்திலிருந்து தேடிப் பெறுவது எத்துணை அரும்பாடு என்பதனை அந்நூலின் ஒவ்வோர் இயலும் காட்டும்.

ஆயினும் மாநாடு மண்டபத்தோடு நின்றுவிடின் பாதிப் பயனே விளையும். வந்தோரை ஒரு நாளாவது கல்முனை வீதிவழியே தேற்றாத்தீவுக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் எழுவான்கரை ஊர்களுள் அதுவும் ஒன்று. தேற்றா மரத்தின் பெயரால் அமைந்த ஊர் என்பர். அம்மரத்தின் கொட்டையைப் பானையின் உட்புறத்தே உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிவிப்பது பழைய வழக்கம்.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இசை நூலகம் என்பது கட்டடமன்று; அண்ணாவியாரே அந்நூலகம். கூத்தின் சொல் ஏட்டிலோ கொப்பியிலோ இருக்கும். மெட்டு அவர் தொண்டையில் இருக்கும். தாளக்கட்டு மத்தளத்தில் விழும் கையில் இருக்கும். 1940இல் தி. சதாசிவ ஐயர் வசந்தன் கவித்திரட்டை அச்சிட்டார். 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அலங்காரரூபன் நாடகத்தைப் பதிப்பித்தார். 1968இல் வீ. சீ. கந்தையா பதிப்பித்த கண்ணகி வழக்குரை வெளிவந்தது. இம்மூன்றினாலும் சொல் பிழைத்தது. வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டத்தில் உள்ள வேறுபாட்டையோ, வைகாசிச் சடங்கிலே பாடுவோர் குரல் ஏறி இறங்கும் இடத்தையோ அச்செழுத்திற் காணவியலாது. வித்தியானந்தன் அவர்கள் இதனை நன்குணர்ந்தே அண்ணாவிமாரை மாநாடாகக் கூட்டினார் எனலாம்.

ஆகவே அழைப்பிதழில் நூலகர் பெயருக்குப் பக்கத்திலே அண்ணாவியார் பெயரும் நிற்கவேண்டும். இடைவேளையில் ஆடிக்காட்டும் கலைஞராக அன்று, ஒரு தொகுதியின் காப்பாளராக. காலமும் கருதற்பாலது. ஐப்பசி முதல் மார்கழிவரை மழையும் வெள்ளமும். வைகாசியில் ஊரவர் அம்மன் சடங்கில் இருப்பர். முன்மாரி அறுவடை முடிந்து மனம் ஓய்ந்திருக்கும் பங்குனியே ஏற்றது. பல ஊர்களிற் கூத்துப் பழகும் காலமும் அதுவாகலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது ஏடு பெறுதல். இரவல் கொடுத்த கொப்பி திரும்பாத கதை பல வீடுகளில் உண்டு; அவர்கள் கைப்பெட்டியைத் திறக்கத் தயங்குவதிற் குற்றமில்லை. மாநாட்டுக்கு ஆறு திங்களுக்கு முன்னரே உள்ளூர் ஆசிரியர் இருவர் மூவர் வீடுவீடாகச் சென்று, எவரிடம் எது உள்ளதென்று பட்டியல் எழுதுதல் நன்று. படமெடுக்கும் பொறியை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுபோகலாம். ஏடு வீட்டைவிட்டு வெளியேற வேண்டுவதில்லை.

எடுத்த படி ஓரிடத்தில் மட்டும் இருத்தலாகாது. 1978 நவம்பரிற் சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பெயர்த்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. 2004 டிசம்பரிற் கடல் எழுவான்கரைக்குள் புகுந்தது. ஈழத்துத் தமிழ் எழுத்துகளை மின்வடிவிற் சேமிக்கும் நூலகம் நிறுவனம் 2005இலே தொடங்கிய பணியோடு இதனையும் இணைக்கலாம். ஒரு படி கல்லடியிலும், ஒரு படி சென்னையிலும் இருக்கட்டும். இன்னொன்று ஏட்டுக்குரியவர் வீட்டிலேயே இருத்தல் முறை.

கடைசி இரவில் வட்டக்களரியிலே கூத்து. ஒலிப்பதிவுக் கருவியை அவை நடுவில் வையாது, மத்தளத்துக்கும் சல்லரிக்கும் அண்மையில் வைக்கவேண்டும். விடிந்தபின் அண்ணாவியாரை அருகிருத்தி, எந்தத் தரு எந்த மெட்டு, யாரிடம் பயின்றது என்று கேட்டு, அவர் சொன்னவாறே பட்டியலில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.