சேனாபதி யாரைத் தண்டிப்பார்?

(கொழும்பு, வெள்ளவத்தையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொடர் படங்கள் ஏன் சலிப்பூட்டுகின்றன என்று பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். அரசியல் பேசுவோர்க்குச் சினிமாவில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். தலைமை தன் பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் இடமெல்லாம் அரசியலே, ஆதலின் பேசுகிறோம்.

1996ஆம் ஆண்டில் ஷங்கரின் ‘இந்தியன்’ வெளிவந்தது. இலஞ்சம் வாங்கிப் பழுதான பேருந்துக்குச் சான்று கொடுத்தான் மகன். பள்ளிப் பிள்ளைகள் மாண்டனர். பெற்ற மகன் என்றும் பாராது அவனைத் தண்டித்தார் சேனாபதி என்னும் கிழவர். அந்த நெஞ்சுரத்துக்காகவே நாம் அவரைப் போற்றினோம். கமல்ஹாசனுக்கு இந்திய தேசிய விருதும் கிடைத்தது.

28 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலையில், இரண்டாம் பாகம் வந்தது. மூன்று மணி நேரப் படம்! திரையிட்ட சில நாட்களுக்குள் 12 நிமிடங்களை வெட்டினர். வெட்டவேண்டியது எது என்பது கொட்டகைக்கு வந்தவன் கொட்டாவி விட்ட பிறகுதானா தெரியவேண்டும்? முடிவில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் வேறு! சோறு வேகவில்லை என்று பந்தியை விட்டெழுந்தவனிடம் நாளை விருந்துக்கு அழைப்போலை நீட்டியது போன்றது அது.

அதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. 2020 பெப்ரவரி 19 இரவு, சென்னையை அடுத்த படப்பிடிப்புத் தளத்தில் பாரந்தூக்கி சரிந்து, இப்படத்தின் பணியாளர் மூவர் உயிரிழந்தனர். கமல்ஹாசன் ஒரு கோடி ரூபாய் உதவி அறிவித்தார், மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்து நடந்தது என்ன? பாதுகாப்புக்கு உறுதி கேட்டுத் தயாரிப்பாளரான லைக்கா நிறுவனத்துக்கு அவர் கடிதம் எழுதினார். பொறுப்பு உமக்கும் இயக்குநருக்கும் உண்டு என்று நிறுவனம் மறுமொழி விடுத்தது. கதையிலே தந்தை மகனைத் தண்டித்தார். தளத்திலே கடிதங்கள் பறந்தன! 2021இல் இயக்குநருக்கு எதிராக அந்நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் ஏறியது. கேட்ட தடை கிடைக்கவில்லை.

லைக்காவின் நிறுவனர் சுபாஸ்கரன் அல்லிராஜா முல்லைத்தீவில் பிறந்தவர். நம்மவர் என்று பெருமை கொள்வோர் நம்மிடையே உண்டு, கொள்ளட்டும். நம்மவர் என்றால் கேள்வி கேட்கும் உரிமையும் நமக்குக் கூடுகிறது அல்லவா?

பாகங்கள் பெருகியதால் மட்டும் சலிப்பு வருவதில்லை. 1962இல் தொடங்கிய ஜேம்ஸ் பாண்ட் 2021இல் 25ஆம் படத்தைக் கண்டார்; அப்போதும் கூட்டம் வந்தது. படங்களும் தொடர்களும் அளவு மீறிப் பெருகிக் கவனத்தைச் சிதறடித்தன என்று டிஸ்னியின் அன்றைய தலைமை நிர்வாகி பாப் ஐகர் 2023இல் வாய்விட்டுச் சொன்னார். கோடம்பாக்கத்தில் அப்படிச் சொல்ல ஒரு வாய் திறந்ததா?

கோடம்பாக்கத்தில் நமக்கு வாக்குச் சீட்டு இல்லை. நுழைவுச் சீட்டுத்தான் உண்டு. முதல் மூன்று நாள் கூட்டத்தை நம்பியே இத்தகைய படங்கள் இறக்கப்படுகின்றன. ஆகவே, அடுத்த பாகம் வரும்போது காலி வீதியில் சவோய் வாயிலுக்கு முதல் நாளே ஓடாதீர்கள். ஒரு வாரம் பொறுத்து, பார்த்தவரைக் கேட்டுப் பின்னர்ச் செல்லுங்கள். தளத்தில் உழைப்போரின் உயிர்க்காப்புக்கு என்ன செய்தீர்கள் என்று தயாரிப்பாளருக்கு ஓர் அஞ்சலட்டையும் எழுதுங்கள். முகவரி வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் பெற்றுக்கொள்ளலாம்.