“சீனி இல்லை” என்றால் போதுமா?



அன்புக்குரிய பெற்றோர்களே, இளைஞர்களே!

“உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லை” என்று வைத்தியர் கூறியதும், நம்மில் பலர் “அல்ஹம்துலில்லாஹ்” என மொழிந்து இரத்தப் பரிசோதனை அறிக்கையை அலுமாரியில் வைத்துவிடுகின்றோம். இறைவனைப் புகழ்வது முறையே. ஆயினும், அத்தாளில் எஞ்சியுள்ள வரிகளை வாசித்தோமா?

நீரிழிவு இல்லாதவரின் உடலிலும் நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் வழிதிறக்கும் ஒரு நிலை மறைந்திருக்கலாம். அதனை மருத்துவ உலகம் ‘மெட்டபொலிக் சின்ட்ரோம்’ என்கின்றது. தமிழில் அனுசேபக் கூட்டறிகுறி எனலாம். அதற்கு ஐந்து அடையாளங்கள் உள்ளன.

ஒன்று, இடுப்புச் சுற்றளவு: நம் தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்றிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்றிமீற்றரும் அல்லது அதற்கு மேல். இரண்டு, ட்ரைகிளிசரைட் என்னும் கொழுப்பு 150 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல். மூன்று, எச்.டி.எல். எனப்படும் நல்ல கொலஸ்திரோல் ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழ். நான்கு, இரத்த அழுத்தம் 130க்கு 85 அல்லது அதற்கு மேல். ஐந்து, வெறுவயிற்றுச் சீனி 100 அல்லது அதற்கு மேல். இவற்றுள் எவையேனும் மூன்று இருந்தால், அந்நிலை உண்டென்பது பொருள்.

சிந்தித்துப் பாருங்கள். வெறுவயிற்றுச் சீனி 126ஐ எட்டும்போதே நீரிழிவு எனப்படுகின்றது. சீனி 95 ஆக உள்ளவருக்கும் மற்றைய மூன்று அடையாளங்கள் இருக்கக்கூடும். காரணம் யாது? வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்புச் சேரச்சேர, உடற்கலங்கள் இன்சுலினுக்கு இணங்க மறுக்கின்றன. சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுசெய்கின்றது. ஆதலால் சீனி பல்லாண்டுகள் சரியாகவே தென்படும். அதற்குள் ஈரல் கூடுதலான ட்ரைகிளிசரைட்டை இரத்தத்தில் கலக்கும். நல்ல கொலஸ்திரோல் குறையும். சதையி களைத்த பின்னரே சீனி உயரும். சீனி பெரும்பாலும் பிந்தி வரும் சாட்சியாகும்!

இளைஞர்களே! தாய் தந்தையருக்கு நீரிழிவு இருந்தால் உங்களுக்கும் அபாயம் கூடுதல். மெலிந்த கைகால்களைக் கண்டு ஏமாறாதீர்கள். ஓர் அளவுநாடா உண்மையைச் சொல்லும்.

நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரும் ஆய்வொன்று, நீரிழிவின் வாசலில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தது. உடல் நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரத்தில் 150 நிமிடங்கள் நடப்பதும் சிலருக்கு இலக்காகத் தரப்பட்டன. அவர்களிடையே நீரிழிவு 58 சதவீதம் குறைவாகவே ஏற்பட்டது.

தாய்மார்களே! இப்தார் மேசையிலும் விருந்துச் சஹனிலும் எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்புப் பானத்தையும் குறைத்து, கீரையையும் பருப்பையும் கூட்டுங்கள். தந்தையரே! கூப்பிடு தூரத்திலுள்ள பள்ளிவாசலுக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு? பிள்ளையின் கைபிடித்து நடந்து செல்லுங்கள்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இன்றே அந்த அறிக்கையை எடுத்து, அனைத்து வரிகளையும் வாசியுங்கள். விளங்காதவற்றை வைத்தியரிடம் கேளுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தை அருள்வானாக!