இரவின் நீளமும் தைராய்டும்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் செயின்ட் கில்டா என்றொரு தீவுக்கூட்டம். மேய்ப்பர் யாருமின்றி அங்கே திரியும் சோவே செம்மறிகள் ஆண்டுதோறும் நவம்பரில் இணைசேர்கின்றன. சினைக்காலம் ஐந்து மாதம். ஏப்ரலில், புல் துளிர்க்கும் நேரம் பார்த்துக் குட்டி போடுகின்றன. பருவம் வந்துவிட்டதென்று அந்தச் செம்மறிகளுக்கு யார் சொன்னது?

இரவு சொன்னது. மூளைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பீனியல் சுரப்பி இருட்டு நேரத்தில் மெலடோனினைச் சுரக்கிறது. இரவு நீண்டால் சுரப்பும் நீளும். 1958-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆரன் லேர்னர், தவளைத் தோலை வெளுக்கச் செய்யும் பொருளைத் தேடி, மாடுகளின் பீனியல் சுரப்பிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்.

மெலடோனினின் செய்தி அடுத்துப் போய்ச் சேர்வது தைராய்டு ஹார்மோனிடம். தைராய்டு என்றதும் நம் கை கழுத்துக்குப் போகும். பாடநூல்களும் பெரும்பாலும் கழுத்தோடு நின்றுவிடுகின்றன. அது பெரிய இழப்பு. பிட்யூட்டரியின் தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய திசு உண்டு. பார்ஸ் டியூபராலிஸ் என்று பெயர். மெலடோனினை உணரும் ஏற்பிகள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. பகல் நீண்டு மெலடோனின் சுரக்கும் நேரம் சுருங்கியதும் அந்தத் திசு டி.எஸ்.எச். சுரக்கிறது. தைராய்டைத் தூண்டுவதாக நாம் படித்த ஹார்மோன்தான். ஆனால் இங்கே சுரப்பது கழுத்துச் சுரப்பியை முடுக்குவதில்லை. பக்கத்திலேயே, ஹைப்போதலாமஸில் உள்ள டானிசைட் செல்களைத் தட்டி எழுப்புகிறது. அவற்றில் ‘டயோ2’ என்ற நொதி பெருகுகிறது. தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனின் நான்கு அயோடின் அணுக்களில் ஒன்றைக் கழற்றி, வீரியம் மிக்க டி3 ஆக்குவது அதன் வேலை. இரவு நீளும் காலத்தில் ‘டயோ3’ நொதியின் கை ஓங்கும், டி3 சிதையும். கழுத்துச் சுரப்பிக்குத் தனிக் கட்டளை எதுவும் போகாமலே, மூளையின் ஒரு மூலையில் கோடை பிறக்கிறது, மறைகிறது.

இந்தப் பாதை முதலில் துலங்கியது காடையில். ஜப்பானின் தகாஷி யோஷிமுரா குழுவினர் 2003-இலும் 2008-இலும் வெளியிட்ட ஆய்வுகள் அதைக் காட்டின. குறும்பகலில் வளர்ந்த காடைக்கு முதல் நீள்பகல் காட்டினால், விடிந்து சுமார் 14 மணி நேரத்தில் அந்தத் திசுவில் டி.எஸ்.எச். மரபணு விழிக்கிறது. பறவைக்கு இதற்கு மெலடோனின் தேவையில்லை. மண்டையோட்டை ஊடுருவும் ஒளியை மூளையே உணர்கிறது. பாலூட்டிகளுக்கோ கண் வாங்கும் செய்தியை மெலடோனின்தான் கொண்டுபோக வேண்டும்.

வியப்பு இனிமேல்தான். நீள்பகலில் பெருகும் அதே டி3, ஹாம்ஸ்டரின் விரைகளை வளரச் செய்கிறது; செம்மறியிலோ இனப்பெருக்கப் பருவத்தை முடித்துவைக்கிறது. ஹாம்ஸ்டர் மூன்று வாரத்துக்குள் ஈன்றுவிடும், ஆட்டுக்கு ஐந்து மாதம் வேண்டும். இரண்டுக்கும் குட்டி வசந்தத்தில் பிறந்தாக வேண்டும். தைராய்டை அகற்றிய பெட்டையாடுகள் பருவம் முடிந்தும் ஓயாமல் சினைச்சுழற்சியில் இருந்ததை ஆய்வுக்கூடங்கள் கண்டிருக்கின்றன.

ஐரோப்பிய ஆட்டுப் பண்ணைகளில் இந்த அறிவு ஒரு சிறு குச்சியாகப் புழங்குகிறது. 18 மில்லிகிராம் மெலடோனின் அடங்கிய அதை ஆட்டின் காதடியில், தோலுக்குக் கீழே செலுத்துகிறார்கள். வெளியே கோடை வெயில். ஆட்டின் மூளைக்கோ நீண்ட இரவு. கிடாவை வழக்கத்துக்கு முன்பே மந்தையில் விடலாம்.