மரணப் பதிவில் புகையின் பெயர்

(பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கத்தியால் குத்தியவனைச் சட்டம் பிடிக்கும், நஞ்சூட்டியவனையும் பிடிக்கும். ஊர் முழுவதும் சுவாசிக்கும் காற்றிலே நஞ்சு கலந்தால் யாரைப் பிடிப்பது? பிடிப்பது இருக்கட்டும், அந்த நஞ்சின் பெயரை ஒரேயொரு மரணப் பதிவில் எழுதுவதற்கே இலண்டன் மாநகருக்கு 68 ஆண்டுகள் சென்றன.

1952ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள். கடுங்குளிர். வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிந்தது. மின் நிலையங்களிலும் அதுவே எரிந்தது. காற்று அசையவில்லை. மேலே வெப்பக் காற்று மூடிபோல் படர்ந்து நிற்க, கீழே கரிப்புகையும் கந்தகப் புகையும் மூடுபனியோடு கலந்து ஐந்து நாட்கள் நகரை அமுக்கின. பஸ் வண்டிகளுக்கு வழிகாட்ட ஆட்கள் விளக்கேந்தி முன்னே நடந்தனர்.

கமக்காரப் பெருமக்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்நாட்களில் அங்கே சிமித்ஃபீல்ட் கால்நடைக் கண்காட்சி நடந்தது. பரிசு பெறவென்று சீராட்டி வளர்த்த மாடுகள் மூச்சுத் திணறி விழுந்தன, சில மாண்டன. மாட்டின் நோவை எல்லோரும் உடனே கண்டனர். மனிதரோ வீடுகளிலும் வைத்தியசாலைகளிலும் தனித்தனியே மாண்டமையால், கணக்கெடுத்த பின்னரே தொகை தெரிந்தது: ஏறக்குறைய 4,000 பேர். பிற்கால ஆய்வாளர் 12,000 வரை என்பர்.

அரசாங்கம் என்ன செய்தது? அடுத்த மாதங்களில் மடிந்தோர் கணக்கை இன்புளுவென்சாவின் தலையிலே கட்டியது! பாராளுமன்ற உறுப்பினர் விடாது நெருக்கிய பின்னரே, 1953இல் சேர் ஹியூ பீவர் தலைமையில் குழு அமைந்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. புகையற்ற வலயங்கள் வகுக்கப்பட்டன. வீட்டு அடுப்பை மாற்றப் பணவுதவியும் கிடைத்தது. அச்சட்டம் நன்றாகவே வேலை செய்தது. கரும்புகை அகன்றது.

அதன் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத புகை வந்தது. டீசல் வண்டிகள் கக்கும் நைதரசன் ஈரொட்சைட்டும், தலைமயிர்ப் பருமனில் முப்பதில் ஒரு பங்கேயான நுண்துகள்களுமே அது. இத்துகள்கள் நுரையீரலோடு நில்லாது இரத்தத்திலும் புகுந்து இருதயத்தைத் தாக்குவதை வைத்திய உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

தென்கிழக்கு இலண்டனில், நம்மவர் பலர் குடியேறி வாழும் லூயிஷாம் பகுதியில், பெருந்தெருவொன்றின் அருகே வாழ்ந்தவள் எலா கிஸ்ஸி-டெப்ரா என்னும் சிறுமி. தொய்வு நோயால் மூன்றாண்டுகளுக்குள் ஏறக்குறைய முப்பது முறை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். 2013 பெப்ரவரியில், ஒன்பதாவது வயதில், இறந்தாள். 2014இல் நடந்த மரண விசாரணை, சுவாசம் செயலிழந்தது என்று பதிந்தது. தெருப்புகையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தாயார் ரோசமண்ட் விடவில்லை. பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட், காற்றளவுப் பதிவுகளையும் சிறுமியின் நோய்க்குறிப்புகளையும் ஒப்புநோக்கி அறிக்கை தந்தார். 2019இல் மேல் நீதிமன்றம் பழைய முடிவை நீக்கியது. 2020 டிசம்பர் 16ஆம் நாள் விசாரணை அதிகாரி பிலிப் பார்லோ, காற்று மாசும் அம்மரணத்துக்குக் காரணமாயிற்று என்று பதிந்தார். பிரித்தானியாவில் இவ்வாறு பதியப்பட்டது அதுவே முதன்முறை. மாசுபற்றித் தாயாருக்கு எவரும் அறிவிக்கவில்லை என்றும், அறிவித்திருந்தால் அவர் எடுத்திருக்கக்கூடிய நடவடிக்கை மகளைக் காத்திருக்கலாம் என்றும் குறித்தார்.

ஒரு வரி எழுதியதால் என்ன பயன் என்பீர்கள். ஆயிரம் பேர் மாண்டனர் என்று புள்ளிவிவரம் காட்டினால், "அவருள் ஒருவரைக் காட்டு" என்பார் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி. அவ்விடத்தில் நின்றால் நானும் அதையே கேட்பேன்! பெயரும் முகவரியும் உள்ள ஒரு சாவின்முன் அக்கேள்வி நிற்காது. 2024இல் அரசாங்கம் வருத்தம் தெரிவித்து, தாயார் தொடுத்த வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

இந்நாட்டு மரண விசாரணை முறையும் ஆங்கிலச் சட்டத்தின் வழி வந்ததே. ஆதலால் இச்சபையிலுள்ள வைத்தியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தொய்வோடு வருபவர் எந்தத் தெருவோரம் வாழ்கிறார், எந்தப் புகையிடையே தொழில் செய்கிறார் என்று கேட்டு நோய்க்குறிப்பில் எழுதுங்கள். அக்குறிப்பைக் கையிலேந்தி, இறந்தவரின் உறவினர் சார்பில் விசாரணை அதிகாரியின்முன் தோன்றுவதற்குச் சட்டத்தரணிகள் வேண்டும். கூலி பேசாது வர இணங்குவோர் தம் பெயரைச் செயலாளரிடம் இன்றிரவே கொடுக்கலாம். முதற்பெயராக என் பெயரை அவர் எழுதிவிட்டார்.