கடைமடைக்கும் அதே இணையம்

தரவைக் கொண்டுசேர்க்கும் தொலைத்தொடர்பு நிறுவனம், அது யார் அனுப்பியது, எதைப் பற்றியது என்று பார்த்து வேகத்தைக் குறைக்கவோ, தடுக்கவோ, தனி விலை வைக்கவோ கூடாது என்பதே இணையச் சமநிலை. இந்தியாவில் இது சட்டத்தின் பலம் பெற மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆயின. லால்குடியில் இன்று பட்டம் பெறுவோர் அப்போது பள்ளிப் பிள்ளைகள். இன்று அவர்களுடைய கைப்பேசியில் எந்தத் தளமும் ஒரே தரவுக் கட்டணத்தில் திறக்கிறதென்றால், அன்று லட்சக்கணக்கானோர் எழுதிய மின்னஞ்சல்களுக்கும் அதில் பங்கு உண்டு.

2014 டிசம்பரில் இணையவழிக் குரல் அழைப்புக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. 2015 மார்ச் 27 அன்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இத்தகைய இணையவழிச் சேவைகளை ஒழுங்குபடுத்துவது குறித்து ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. 118 பக்கங்கள், 20 கேள்விகள், எல்லாம் துறைசார்ந்த ஆங்கிலத்தில். இதைச் சாதாரண வாடிக்கையாளர் படித்துப் பதில் எழுதுவார் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தன்னார்வலர்கள் சிலர் அறிக்கையைச் சுருக்கி, எளிய மொழியில் விளக்கி, பதில் அனுப்ப வழி செய்தார்கள். சில வாரங்களில் டிராய்க்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. செயலி நிறுவனமே பயனரின் தரவுச் செலவை ஏற்கும் ‘ஏர்டெல் ஜீரோ’ திட்டத்திலிருந்து அந்த ஏப்ரலில் ஃபிளிப்கார்ட் விலகியதும் இந்த அலையின் விளைவே.

இதைவிடக் கடினமான கேள்வியை எழுப்பியது ஃபேஸ்புக். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து 2015 பிப்ரவரியில் அது தொடங்கிய திட்டம் தமிழ்நாட்டிலும் அறிமுகமானது. பின்னர் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர் மாறியது. தேர்ந்தெடுத்த சில தளங்களைக் காசில்லாமல் பார்க்கலாம், மற்றவற்றுக்குக் காசு. ஒன்றுமே இல்லாதவருக்கு இதாவது கிடைக்கட்டுமே என்ற வாதம் எளிதில் ஒதுக்கத் தக்கதல்ல. ஆனால் எந்தத் தளம் உள்ளே வரலாம் என்பதற்கான நிபந்தனைகளை வகுத்தது ஃபேஸ்புக். போக்குவரத்து அதன் வழங்கி வழியாகவே சென்றது. இலவசமும் ஒரே ஒரு நிறுவனத்தின் இணைப்பில் மட்டுமே. காசுள்ளவருக்கு முழு இணையமும் இல்லாதவருக்கு வேறொருவர் பொறுக்கித் தந்த இணையமும் என்று ஆகியிருந்தால், ஒரு கிராமத்துப் பெண் தன் ஊர்த் தறிச் சேலையை விற்கத் தொடங்கும் தளம் அவளைப் போன்ற ஏழைகளின் கைப்பேசியிலேயே திறந்திருக்காது. ஏழைகளின் பெயரால் வந்த திட்டம் ஏழைகளைச் சந்தையிலிருந்து ஒதுக்கி வைக்கும் என்பதுதான் அதன் உள்ளே இருந்த அநீதி.

கட்டண வேறுபாடு குறித்து டிராய் 2015 டிசம்பரில் மீண்டும் கருத்துக் கேட்டது. ஃபேஸ்புக் தன் பயனர்கள் வழியாக ஒரே மாதிரியான ஆதரவுச் செய்திகளை லட்சக்கணக்கில் அனுப்பச் செய்தது. தான் கேட்ட கேள்விகளுக்கு அவை பதிலாக இல்லை என்று டிராய் சுட்டிக்காட்டியது. தலைகளை எண்ணுவதல்ல, காரணங்களை எடைபோடுவதே கலந்தாய்வு என்று நிலைநாட்டிய இடம் இது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பார்த்துத் தரவு விலையை மாற்றுவதைத் தடைசெய்யும் ஒழுங்குமுறை வந்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். அவசரக் காலச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. சில நாட்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போனது. வேகக் குறைப்பையும் தடுப்பையும் தடைசெய்யும் பரிந்துரைகளை டிராய் 2017 நவம்பரில் தந்தது. அரசு 2018 ஜூலையில் ஏற்றது. அமெரிக்காவில் இதே போன்ற விதி 2015இல் வந்து, 2017இல் நீக்கப்பட்டு, 2024இல் மீண்டும் வந்து, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தது.

பாகுபாடு இல்லை என்பதால் மட்டும் எல்லாருக்கும் கிடைத்துவிடாது. முக்கொம்பிலிருந்து பிரியும் பெருவளை வாய்க்காலில் யாரும் மடையை அடைக்கவில்லை என்றாலும், தூர் வாராத வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேராது. கிராமங்களுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011இல் ஒப்புதல் தந்தது. அதுவே பின்னர் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்துக்கு வந்தது. பட்டா, சிட்டா நகல் எடுக்கவும் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்பதிவு செய்யவும் இணையம் கேட்கும் காலத்தில், இழை வராத ஊரில் உழவர் தமக்குரிய அரசுச் சேவைக்காகப் பிறர் தயவை நாட வேண்டியிருக்கிறது. இதைத் தொழில்நுட்பக் குறை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது.

இணைப்பு இருந்தும் அரசே அணைத்துவிடும் நிலையும் உண்டு. தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், 2018 மே 23 அன்று, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள மக்கள் தவித்த நேரம் அது. காஷ்மீரில் இணையம் முடக்கப்பட்டது குறித்த வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையவழிப் பேச்சுரிமை அரசமைப்பின் 19ஆம் பிரிவின் பாதுகாப்புக்கு உட்பட்டது, காலவரையின்றி முடக்கக் கூடாது, முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இத்தனைக்கும் நடுவே பொதுநலனைக் காக்கும் முக்கியக் கருவி கலந்தாய்வுதான். டிராய் வெளிப்படையாகச் செயல்பட வேண்டும் என்று அதன் சட்டத்தின் 11ஆம் பிரிவே சொல்கிறது. பாதியில் துண்டிக்கப்படும் அழைப்புக்கு இழப்பீடு தரச்சொன்ன டிராய் விதியை 2016 மே மாதம் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், விதி இயற்றுமுன் பொதுமக்களைக் கேட்பதை எல்லா அமைப்புகளுக்கும் பொதுச் சட்டமாக்குவது பற்றி நாடாளுமன்றம் எண்ணிப் பார்க்கட்டும் என்றது. கலந்தாய்வு அறிக்கையை டிராய் இணையத்தில் வெளியிடும். எவரும் பதில் எழுதலாம். வந்த பதில்கள் வெளியாகும். அவற்றுக்கு மறுப்பும் எழுதலாம். பின்னர் நேரடிக் கூட்டம் நடக்கும். நிறுவனங்கள் வழக்கறிஞர்களை வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் எழுதுகின்றன. பயனர் தரப்பிலிருந்து வருவது பெரும்பாலும் பெருநகர அமைப்புகளின் பதில்களே. அறிக்கைகள் முதன்மையாக ஆங்கிலத்தில் வருவதால் லால்குடி வாழை விவசாயியின் அனுபவம் அந்தக் கோப்பில் ஏறுவதில்லை. அதைக் கேட்டறிந்து, கேள்வி எண்ணைக் குறித்து, எந்த ஊரில் எந்தச் சேவை எதனால் கிடைக்கவில்லை என்ற விவரத்தோடு எழுதி அனுப்ப ஒரு பட்டதாரியின் படிப்பு போதும். அனுப்பிய பதில் ஆணையத்தின் பதிவில் நிறுவனங்களின் பதில்களோடு சேர்ந்தே இருக்கும்.